உடலும் திசையும்: மருத்துவமனையில் உதவும் இந்திச் சொற்கள்

நோய் வந்த இடத்தைச் சரியாகச் சொல்வது சிகிச்சையின் முதற்படி. தாய்மொழியில் இதற்குத் தடையில்லை. மொழி வேறுபடும் ஊரில் மருத்துவரின் முன் அமரும்போதோ, புற்றுநோய்ச் சிகிச்சைக்காக மும்பையிலுள்ள டாடா நினைவு மருத்துவமனைக்கோ, அரிய நோயொன்றின் ஆய்வுக்காகப் புது தில்லியிலுள்ள அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்துக்கோ செல்லும்போதோதான் இச்சிறு செயல் எவ்வளவு பெரியது என்பது விளங்கும். நம் ஊர் மருத்துவமனைகளிலும் அடுத்த கட்டிலில் இருப்பவரோ, சக்கர நாற்காலியைத் தள்ளிவரும் உதவியாளரோ இந்தி மட்டும் அறிந்தவராக இருக்கக்கூடும்.

இப்பாடம் இந்தி மொழியை முழுமையாகக் கற்பிப்பதன்று. உடலுறுப்புகளின் பெயர்கள், மேல் கீழ் வலம் இடம் ஆகியவற்றைக் குறிக்கும் சொற்கள், பரிசோதனையின்போது காதில் விழும் கட்டளைகள் ஆகிய மூன்றை மட்டுமே இது கூறுகிறது. நாளொன்றுக்குப் பத்துச் சொற்கள் வீதம் படித்தால் ஒரு வாரத்தில் முடித்துவிடலாம். நோயாளி, உடனிருப்பவர் ஆகிய இருவரும் சேர்ந்து படிப்பது நன்று. ஒருவர் மறந்ததை மற்றவர் நினைவூட்டலாம்.

1. ஒலிக்குறிப்பு

தமிழில் ஒரே எழுத்துக்கு இடத்திற்கேற்ப ஒலி மாறும். 'பம்பரம்' என்னும் சொல்லில் முதற் பகரம் வன்மையாகவும் இரண்டாம் பகரம் மென்மையாகவும் ஒலிக்கின்றன. இந்தியில் இவ்விரண்டும் வெவ்வேறு எழுத்துகள்; அவை சொல்லின் முதலிலும் வரும். எனவே மென்மையாக ஒலிக்கவேண்டிய எழுத்தின் அருகே, சுலோகப் புத்தகங்களில் உள்ளதுபோல், ³ என்னும் சிறு இலக்கம் இடப்பட்டுள்ளது. க³ என்பதைத் 'தங்கம்' என்பதில் வரும் ககரம் போலவும், த³ என்பதைப் 'பந்தம்' என்பதில் வரும் தகரம் போலவும், ப³ என்பதைக் 'கம்பம்' என்பதில் வரும் பகரம் போலவும், ட³ என்பதை 'வண்டி' என்பதில் வரும் டகரம் போலவும் ஒலிக்க. 'ச்ச' என்று தொடங்கும் சொற்களைப் 'பச்சை' என்பதில் வருமாறு ஒலிக்க.

இவ்வேறுபாட்டைப் புறக்கணித்தால் பொருள் மாறும். கந்தா என்றால் தோள். க³ந்தா என்றால் அழுக்கு. காலீ என்றால் வெறுமை. கா³லீ என்றால் வசைச்சொல். சில சொற்களின் இறுதியில் மெல்லிய மூக்கொலி உண்டு; படிப்பதற்கு எளிதாகும்பொருட்டு அதை இங்கே விட்டுவிட்டோம். அஃதின்றிச் சொன்னாலும் கேட்பவர்க்குப் புரியும்.

2. தலை முதல் தாள் வரை

தலையும் முகமும்
ஸிர் – தலை
பா³ல் – தலைமயிர்
ஆங்க் – கண்
கான் – காது
நாக் – மூக்கு
கா³ல் – கன்னம்
முஹ் – வாய், முகம்
தா³ந்த் – பல்
ஜீப்³ – நாக்கு
க³லா – தொண்டை
க³ர்த³ன் – கழுத்து

உடலின் நடுப்பகுதி
கந்தா – தோள்
ச்சாத்தீ – மார்பு (ஸீனா என்றும் கூறுவர்)
பீட் – முதுகு
கமர் – இடுப்பு
பேட் – வயிறு
கூல்ஹா – இடுப்பெலும்புப் பக்கம்

கையும் காலும்
ஹாத் – கை
கோஹ்னீ – முழங்கை
கலாயீ – மணிக்கட்டு
உங்க்³லீ – விரல்
அங்கூ³ட்டா – கட்டைவிரல்
பைர் – கால்
ஜாங்க்³ – தொடை
கு³ட்னா – முழங்கால்
பிண்ட்³லீ – கெண்டைக்கால்
டக்னா – கணுக்கால்
ஏடீ – குதிகால்
தல்வா – உள்ளங்கால்

உள்ளுறுப்புகளும் பிறவும்
தி³ல் – இதயம்
கு³ர்தா³ – சிறுநீரகம்
ஹட்³டீ³ – எலும்பு
நஸ் – நரம்பு, இரத்தக்குழாய்
கூன் – இரத்தம்
ஸான்ஸ் – மூச்சு
பேஷாப்³ – சிறுநீர்

இப்பட்டியலில் தமிழர்க்கு ஆறுதல் தரும் செய்தி ஒன்றுண்டு. தமிழில் 'கை' என்பது தோள் முதல் விரல் வரை முழுவதையும் குறிக்கும். இந்தியில் ஹாத் என்பதும் அவ்வாறே. 'கால்' என்பதற்கும் பைர் என்பதற்கும் அதே உறவு. முதுகுக்கும் இடுப்புக்கும் தமிழில் தனித்தனிச் சொற்கள் இருப்பதுபோல் பீட், கமர் என்னும் இரண்டும் இந்தியில் உள்ளன. ஆகவே நீங்கள் தமிழில் எவ்வாறு பிரித்துச் சொல்வீர்களோ அவ்வாறே சொல்லலாம். ஆனால் ஹாத், பைர் ஆகியவை பரந்த சொற்கள் என்பதால் அவற்றோடு நின்றுவிடாமல் கோஹ்னீ, கு³ட்னா, ஏடீ என்று இடத்தைக் குறுக்கிச் சொல்வது மருத்துவர்க்குப் பெரிதும் உதவும்.

எக்ஸ்ரே, ஸ்கேன், ஆபரேஷன், பிபி, ஷுகர், கிட்னி போன்ற சொற்கள் அங்கும் இவ்வாறே வழங்குகின்றன. இவற்றுக்கு இந்திச் சொல் தேடி வருந்த வேண்டாம்.

3. செவியை ஏமாற்றும் சொற்கள்

இரு மொழிகளிலும் ஒலியால் ஒத்துப் பொருளால் வேறுபடும் சொற்கள் சில உள. புதிய சொற்களை மறந்தால் மறுபடி கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். ஆனால் தெரிந்த சொல் என்று எண்ணித் தவறாகப் புரிந்துகொண்டால், கேட்க வேண்டும் என்ற எண்ணமே எழாது. எனவே கீழுள்ளவற்றைத் தனிக் கவனத்துடன் படிக்கவும்.

கான்: 'கண்' என்று காதில் விழும், பொருள் காது.
நாக்: 'நாக்கு' என்று தோன்றும், பொருள் மூக்கு. நாக்குக்கு ஜீப்³ என்பதே சொல்.
கா³ல்: 'கால்' போன்றது, பொருள் கன்னம்.
தல்வா: 'தலை' போன்று தொடங்கும், பொருள் உள்ளங்கால்.
பைர்: விரைவாகச் சொன்னால் 'பேர்' என்று கேட்கும், பொருள் கால். பெயரைக் கேட்பவர் 'நாம்' என்றே கேட்பார்.
பா³ல்: 'பால்' அன்று, தலைமயிர். பாலுக்குத் தூ³த்³ என்று பெயர்.
கூன்: முதுகின் வளைவு அன்று, இரத்தம். 'கூன் தே³னா ஹை' என்றால் இரத்தம் கொடுக்க வேண்டும் என்பது பொருள்.

கண் நோயாளி ஒருவரிடம் "கான் மே த³ர்த்³ ஹை?" என்று கேட்கின்றனர் என்று கொள்வோம். அவர் 'கண்' என்று எண்ணி ஆமெனத் தலையசைத்தால், காதில் வலி என்று குறிப்பேட்டில் பதிவாகும். ஆகவே வெறும் தலையசைப்பை விடையாகத் தராதீர்கள். கேட்ட உறுப்பை விரலால் தொட்டுக் காட்டி, "யஹா?" என்று திருப்பிக் கேளுங்கள். யஹா என்றால் 'இங்கே'.

4. மேல், கீழ், வலம், இடம்

ஊப்பர் – மேலே
நீச்சே – கீழே
ஆகே³ – முன்னே
பீச்சே – பின்னே
ஸாம்னே – எதிரே
அந்த³ர் – உள்ளே
பா³ஹர் – வெளியே
பீ³ச் மே – நடுவில்
தரஃப் – பக்கம்
தா³யா (தா³ஹினா) – வலது
பா³யா – இடது

இச்சொற்களைத் தொடரில் அமைப்பது எளிது. ஆங்கிலத்தில் 'மேல்', 'கீழ்' என்பவை பெயருக்கு முன் நிற்கும். இந்தியிலோ தமிழிலுள்ளது போலவே பெயருக்குப் பின் நிற்கும். 'வயிற்றுக்குக் கீழே' என்பது 'பேட் கே நீச்சே'. 'கு' என்னும் நம் உருபின் இடத்தில் 'கே' நிற்கிறது என்று கொள்க. 'இல்' என்பதற்கு 'மே' என்க. 'வயிற்றில்' என்பது 'பேட் மே'. தமிழில் 'மரம்' என்பது உருபேற்கும்போது 'மரத்தில்' என்று திரிவதுபோல், இந்தியிலும் ஆகாரத்தில் முடியும் ஆண்பாற் பெயர்கள் ஏகாரமாகத் திரியும்: கு³ட்னா, கு³ட்னே கே ஊப்பர் – முழங்காலுக்கு மேலே, கந்தா, கந்தே மே – தோளில்.

வலத்தையும் இடத்தையும் குறிக்கும் சொற்களிலேதான் மிகுந்த எச்சரிக்கை தேவை. தா³யா, பா³யா ஆகிய இரண்டும் முதல் ஒலி ஒன்றினாலேயே வேறுபடுவன. கூட்டமும் இரைச்சலும் மிகுந்த புறநோயாளர் பகுதியில் ஒன்று மற்றொன்றாகக் கேட்பது எளிது. நினைவில் வைக்க ஒரு வழி: தா³ஹினா என்பது வலத்தைக் குறிக்கும் 'தட்சிணம்' என்னும் வடசொல்லிலிருந்து வந்தது. பா³யா என்பது இடத்தைக் குறிக்கும் 'வாமம்' என்பதிலிருந்து வந்தது. இறைவனின் வாமபாகத்தில் அம்மை அமர்ந்திருப்பதை அறிந்தவர்க்கு இது மறக்காது.

பேச்சு வழக்கில் வேறொரு முறையும் உண்டு. பலர் வலக்கையை 'ஸீதா³ ஹாத்' என்றும் இடக்கையை 'உல்ட்டா ஹாத்' என்றும் கூறுவர். ஆனால் ஸீதா³ என்பதற்கு 'நேர்' என்பதும், உல்ட்டா என்பதற்குத் 'தலைகீழ்' என்பதும் அடிப்படைப் பொருள்கள். எனவே "ஸீதா³ ஹாத்" என்பது வலக்கையைக் குறிக்கும். "ஹாத் ஸீதா³ கீஜியே" என்பதோ கையை நேராக நீட்டுங்கள் என்று பொருள்படும். சொல் நிற்கும் இடம் கொண்டு பொருள் அறிக. இதே குடும்பத்தில் மூன்றாவதாக ஒரு சொல்லும் உண்டு: 'உல்ட்டீ' என்றால் வாந்தி.

'ப³க³ல்' என்னும் சொல்லுக்கும் இரு பொருள்கள் உள்ளன: ஒன்று பக்கம், மற்றொன்று அக்குள். வெப்பமானியைத் தந்து "ப³க³ல் மே லகா³யியே" என்றால் அக்குளில் வைக்கச் சொல்கின்றனர். பக்கத்து மேசையின்மேல் அன்று.

அறுவைச் சிகிச்சைக்கு முன் எந்த உறுப்பு, எந்தப் பக்கம் என்று குழுவினர் மீண்டும் மீண்டும் கேட்பார்கள். உலக சுகாதார நிறுவனம் 2008-ஆம் ஆண்டு வெளியிட்ட பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலிலும் நோயாளி யார், அறுவை எவ்விடத்தில், செய்யப்போவது என்ன என்பவற்றை உறுதிசெய்யும் கட்டம் உண்டு. 'இவர்களுக்கு இன்னும் தெரியவில்லையா?' என்று சலிப்படையாதீர்கள். ஒவ்வொரு முறையும் சொல்லோடு நில்லாமல், உறுப்பைக் கையால் தொட்டுக் காட்டி விடையளியுங்கள்.

5. பரிசோதனையின்போது கேட்கும் கட்டளைகள்

இந்தியில் மரியாதையான ஏவல் 'இயே' என்று முடியும். நம் 'உங்கள்' விகுதிக்கு அது நிகர்.

லேட்டியே – படுங்கள்
ஸீதே³ லேட்டியே – மல்லாந்து படுங்கள்
உல்ட்டே லேட்டியே – குப்புறப் படுங்கள்
பா³யீ கர்வட் லீஜியே – இடப்பக்கம் ஒருக்களித்துப் படுங்கள்
பை³ட்டியே – உட்காருங்கள்
உட்டியே – எழுந்திருங்கள்
முஹ் கோலியே – வாயைத் திறங்கள்
ஜீப்³ தி³க்காயியே – நாக்கைக் காட்டுங்கள்
ஹாத் ஊப்பர் கீஜியே – கையை உயர்த்துங்கள்
முட்டீ ப³ந்த்³ கீஜியே – கையை முட்டியாக மூடுங்கள் (இரத்தம் எடுக்கும்போது)
டீ³லா ச்சோடியே – தளர்த்தி விடுங்கள்
பைர் மோடியே – காலை மடக்குங்கள்
ஹிலியே மத் – அசையாதீர்கள்

மார்பு எக்ஸ்ரே எடுக்கும்போது மூன்று கட்டளைகள் அடுத்தடுத்து வரும்: "ஸான்ஸ் லீஜியே" – மூச்சை உள்ளிழுங்கள், "ரோக்கியே" – நிறுத்துங்கள், "ச்சோடியே" – விடுங்கள். படம் தெளிவாக அமைவது நடுவிலுள்ள 'ரோக்கியே'யைப் பொறுத்தது. 'விடுங்கள்' என்னும் சொல் வரும்வரை மூச்சை அடக்கிக்கொள்ளுங்கள்.

"காலீ பேட் ஆயியே" என்றால் வெறும் வயிற்றோடு வாருங்கள் என்பது பொருள். 'காலி' என்னும் சொல் தமிழிலும் வழங்குவதால் இது நினைவில் நிற்கும். தேநீரும் அருந்தலாகாதா, தண்ணீர் குடிக்கலாமா என்பதைத் தனியே கேட்டுக்கொள்ளுங்கள்: "பானீ பீ ஸக்தே ஹை?" – தண்ணீர் குடிக்கலாமா?

நாள் குறிக்கும்போதும் கவனம் வேண்டும். 'கல்' என்னும் சொல் நேற்றையும் நாளையையும் குறிக்கும். எதுவென்பது வினைச்சொல்லால் விளங்கும். வினை புரியாதவர், தேதியை எண்ணால் எழுதித் தரச் சொல்வதே பாதுகாப்பு.

6. வலியைச் சொல்லும் முறை

தமிழில் 'எனக்குக் காய்ச்சல்' என்கிறோம். இந்தியிலும் 'முஜே பு³கார் ஹை' என்பர். முஜே – எனக்கு. இன்கோ – இவருக்கு. வலிக்கு உறுப்பின் பெயரோடு 'மே த³ர்த்³ ஹை' என்று சேர்த்தால் போதும்.

பேட் மே த³ர்த்³ ஹை – வயிற்றில் வலி இருக்கிறது
கமர் மே த³ர்த்³ ஹை – இடுப்பில் வலி இருக்கிறது

வலி என்று ஒரே சொல்லால் எல்லாவற்றையும் கூறாமல், வகை பிரித்துக் கூறுவது நோயறிய உதவும்.

ஜலன் – எரிச்சல்
ஸூஜன் – வீக்கம்
குஜ்லீ – அரிப்பு
ஸுன்ன் – மரத்துப்போதல்
ஜுன்ஜுனீ – கூச்ச உணர்வு, ஊசி குத்துவது போன்ற உணர்ச்சி
கம்ஜோரீ – பலவீனம்
ச்சக்கர் – தலைச்சுற்றல் ('சக்கரம்' என்பதன் உறவுச்சொல்)

தோ²டா என்பதை 'தோடா' என்று எழுதலாம், பொருள் 'சிறிது'. ப³ஹுத் என்றால் 'மிகவும்'. "கப்³ ஸே?" என்று கேட்டால், எப்போதிலிருந்து என்று கேட்கின்றனர். ஏக், தோ³, தீன், ச்சார், பாஞ்ச் – ஒன்று முதல் ஐந்து வரை. "தீன் தி³ன் ஸே" – மூன்று நாளாக.

கீழுள்ள நான்கையும் உடனிருப்பவர் மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும். இவை தாமதிக்கக்கூடாத செய்திகள்.

ச்சாத்தீ மே த³ர்த்³ ஹை, பா³யே ஹாத் தக் ஜா ரஹா ஹை – மார்பில் வலி. இடக்கை வரை பரவுகிறது.
ஸான்ஸ் லேனே மே தக்லீஃப் ஹை – மூச்சுவிடச் சிரமமாக இருக்கிறது.
ஏக் தரஃப் ஸுன்ன் ஹோ க³யா – ஒரு பக்கம் மரத்துப்போய்விட்டது.
கூன் ஆ ரஹா ஹை – இரத்தம் வருகிறது.

இவற்றோடு 'ஜல்தீ³' என்னும் சொல்லைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 'ஜல்தி' என்று நாம் பேச்சில் வழங்குவது இதுவே: விரைவாக.

7. படுக்கையில் இருப்பவர்க்கு

எழ இயலாத நோயாளியைக் கவனிப்பவர்க்குக் 'கர்வட்' என்னும் சொல் இன்றியமையாதது. ஒருக்களித்துப் படுக்கும் நிலையை அது குறிக்கும். நெடுநேரம் ஒரே நிலையில் கிடந்தால், எலும்பு தோலை அழுத்தும் இடங்களில் இரத்த ஓட்டம் குறைந்து படுக்கைப்புண் உண்டாகும். ஏடீ, கூல்ஹா, கோஹ்னீ, இடுப்பின் கீழ்ப்பகுதி ஆகியவை அவ்விடங்களுள் முக்கியமானவை. நோயாளியைத் திருப்பிவிட உதவி வேண்டும்போது, "இன்கீ கர்வட் ப³த³ல் தீ³ஜியே" என்று கேளுங்கள்: இவரை வேறு பக்கமாகத் திருப்பிவிடுங்கள். தோல் சிவந்திருந்தால் அவ்விடத்தைக் காட்டி, "யஹா லால் ஹை" என்று கூறுங்கள். புண்ணாகும் முன்னரே சொல்வதுதான் பயன் தரும்.

தலையணைக்குத் 'தகியா' என்றும் விரிப்புக்குச் 'ச்சாத³ர்' என்றும் பெயர். "தகியா பைர் கே நீச்சே ரக்கியே" – தலையணையைக் காலுக்குக் கீழே வையுங்கள்.

8. விளிக்கும் முறை

செவிலியரை 'ஸிஸ்டர்' என்றும், மருத்துவரை 'டா³க்டர் ஸாஹப்³' என்றும் அழைக்கலாம். ஆண் உதவியாளரைப் 'பை³யா' (அண்ணன்) என்றும், பெண் உதவியாளரைத் 'தீ³தீ³' (அக்கா) என்றும் விளிப்பது வழக்கம். வயது முதிர்ந்த தமிழ்ப் பெண்மணியை அவர்கள் 'மாதாஜீ' என்று அழைப்பார்கள். அது அன்பும் மரியாதையும் கலந்த சொல். புரியாதபோது, "தீ³ரே போ³லியே" – மெதுவாகப் பேசுங்கள் – என்று தயங்காமல் கேளுங்கள். வடநாட்டு மருத்துவமனைகளில் கேரளத்துச் செவிலியர் பலர் பணிபுரிகின்றனர். மெதுவாகப் பேசும் தமிழைப் புரிந்துகொள்வோர் அவர்களுள் உண்டு.

9. பயிற்சி

விடையை மறைத்துக்கொண்டு, ஒருவர் வாசிக்க மற்றவர் செய்துகாட்டுக.

1. நாக் தி³க்காயியே.
2. பா³யா ஹாத் ஊப்பர் கீஜியே.
3. உல்ட்டே லேட்டியே.
4. 'முழங்காலுக்குக் கீழே வீக்கம் இருக்கிறது' – இந்தியில் கூறுக.
5. 'இவருக்குத் தலைச்சுற்றல் இருக்கிறது' – இந்தியில் கூறுக.

விடைகள்: 1. மூக்கைக் காட்டவேண்டும், நாக்கை அன்று. 2. இடக்கையை உயர்த்தவேண்டும். 3. குப்புறப் படுக்கவேண்டும். 4. கு³ட்னே கே நீச்சே ஸூஜன் ஹை. 5. இன்கோ ச்சக்கர் ஆ ரஹா ஹை.

முடிவாக ஒன்று. இச்சொற்கள் நிலைமையைத் தெரிவிக்கவும் கட்டளைகளைப் புரிந்துகொள்ளவும் உதவுவன. நோயின் தன்மை, அறுவையின் நன்மை தீமைகள், மருந்தின் அளவு ஆகியவற்றை அறிய இவை போதா. ஒப்புதல் படிவத்தில் கையொப்பமிடும் முன், உங்களுக்கு நன்கு தெரிந்த மொழியில் விளக்கம் கேளுங்கள். இரு மொழியும் அறிந்த ஒருவரை உடன் வைத்துக்கொள்ளுங்கள். தேவையானால் ஊரிலுள்ள உறவினரைத் தொலைபேசியில் இணைத்து மருத்துவரோடு பேசச் செய்யுங்கள். பயணத்துக்கு முன், நோயாளியின் பழைய நோய்கள், ஒவ்வாத மருந்துகள், இப்போது உட்கொள்ளும் மருந்துகள் ஆகியவற்றை உங்கள் மருத்துவரிடம் ஆங்கிலத்தில் ஒரே தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அத்தாளோடு இப்பாடத்தையும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டால் வழியில் மறந்த சொல்லை எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம்.